ஆங்கில வாக்கியத்தில் சப்ஜெக்ட் எது, பிரெடிகேட் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில இலக்கணம் படிக்கிறவர்கள் இந்த இரண்டு சொல்லிலும் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரண வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன், வாய்விட்டுப் படித்தால் சட்டென்று பிடிபடும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எழுவாயை, அதாவது சப்ஜெக்டை, தேடி ஆரம்பிக்காதீர்கள். வினையைப் பிடியுங்கள், எழுவாய் தானாக வரும். பள்ளியில் பெரும்பாலும் தலைகீழாகச் சொல்லித்தருகிறார்கள், பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

சப்ஜெக்ட், பிரெடிகேட் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

வாக்கியம் யாரைப் பற்றி அல்லது எதைப் பற்றிப் பேசுகிறதோ அது சப்ஜெக்ட். அதைப் பற்றி என்ன சொல்கிறதோ, அந்த மிச்சம் முழுவதும் பிரெடிகேட். "தி லிட்டில் கேர்ள் லாஸ்ட் ஹெர் அம்ப்ரெல்லா" என்பதில் "தி லிட்டில் கேர்ள்" சப்ஜெக்ட், "லாஸ்ட் ஹெர் அம்ப்ரெல்லா" பிரெடிகேட். இப்படி இரண்டாக வெட்டும் பழக்கம் அரிஸ்டாட்டிலின் தர்க்கவியலிலிருந்து இலக்கணத்துக்குள் வந்தது.

தமிழில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று மூன்று படித்தோமே, ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இரண்டு?

நல்ல கேள்வி, இதைத் தீர்த்துக்கொள்ளாமல் மேலே போகவே கூடாது. தமிழ்ப் பாடத்தில் "கண்ணன் பந்தை எறிந்தான்" என்றால் கண்ணன் எழுவாய், பந்தை செயப்படுபொருள், எறிந்தான் பயனிலை. அதாவது பயனிலை என்பது முடிக்கும் சொல் மட்டும். ஆங்கிலப் பாடத்தில் பிரெடிகேட் அதைவிடப் பெரியது. "கண்ணன் த்ரூ தி பால்" என்றால் "த்ரூ தி பால்" மொத்தமும் பிரெடிகேட், அப்ஜெக்ட் அதற்குள்ளேயே அடங்கிவிடும். எப்போது, எங்கே, எப்படி என்று சொல்லும் சொற்களும் அதற்குள்தான். "பிரெடிகேட்டை அடிக்கோடிடு" என்ற கேள்விக்கு வினைச்சொல்லை மட்டும் அடிக்கோடிட்டு மதிப்பெண் இழப்பவர்கள் தமிழ் இலக்கணத்தை நன்றாகப் படித்தவர்களாகத்தான் இருப்பார்கள்!

வினையை முதலில் பிடி என்கிறீர்கள். எப்படிப் பிடிப்பது?

வாக்கியத்தின் காலத்தை மாற்றிப் பாருங்கள், எந்தச் சொல் உருமாறுகிறதோ அது வினை. "மை சிஸ்டர் வாக்ஸ் டு ஸ்கூல்" என்பதை நேற்றைக்கு மாற்றினால் "வாக்ஸ்" என்பது "வாக்ட்" ஆகிறது. மற்ற எதுவும் அசையவில்லை. சரி, வினை கிடைத்துவிட்டது. இனி அதை வைத்து "யார்? எது?" என்று கேளுங்கள். யார் நடந்தது? மை சிஸ்டர். முடிந்தது வேலை.

ஆனால் நீண்ட வாக்கியத்தில் இரண்டு வினை இருக்கும், அங்கே இந்தச் சோதனை போதாது. "தி மேன் ஹூ லிவ்ஸ் நெக்ஸ்ட் டோர் டீச்சஸ் மியூசிக்" என்பதில் லிவ்ஸ், டீச்சஸ் இரண்டுமே காலம் மாறினால் மாறும். இதற்கு இன்னும் கூர்மையான ஒரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியாக வாக்கியத்தைத் திருப்புங்கள். "டஸ் தி மேன் ஹூ லிவ்ஸ் நெக்ஸ்ட் டோர் டீச் மியூசிக்?" என்ன ஆனது என்று பாருங்கள். டீச்சஸ் தன் வால் எழுத்தை "டஸ்" என்பதிடம் கொடுத்துவிட்டு வெறும் டீச் ஆகிவிட்டது, லிவ்ஸ் அப்படியே இருக்கிறது. எது வாலை இழந்ததோ அதுதான் முதன்மை வினை. அது மட்டுமா, டஸ் என்பதற்கும் டீச் என்பதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் முழுத் துண்டும் சப்ஜெக்ட். ஒரே திருப்பலில் இரண்டு விடையும் வந்துவிடுகிறது.

துணைவினை இருக்கும் வாக்கியத்தில் இன்னும் எளிது. "தி புக்ஸ் ஆன் தட் ஷெல்ஃப் ஹேவ் டிஸப்பியர்ட்" என்பதைக் கேள்வியாக்கினால் "ஹேவ் தி புக்ஸ் ஆன் தட் ஷெல்ஃப் டிஸப்பியர்ட்?" ஹேவ் எதைத் தாண்டிக் குதித்ததோ அது சப்ஜெக்ட்.

சிம்பிள் சப்ஜெக்ட், கம்ப்ளீட் சப்ஜெக்ட் என்று வேறு பிரிக்கிறார்களே?

"தி ஓல்ட் உடன் பாக்ஸ் அண்டர் தி பெட் பிலாங்ஸ் டு மை கிராண்ட்மதர்." இதில் "பெட்" வரைக்கும் உள்ளது முழுவதும் கம்ப்ளீட் சப்ஜெக்ட். அதன் உயிர்ச்சொல் "பாக்ஸ்", அதுதான் சிம்பிள் சப்ஜெக்ட். பழையது, மரத்தாலானது, கட்டிலுக்கு அடியில் இருப்பது எல்லாம் பாக்ஸைப் பற்றிய விவரம். அதேபோல "பிலாங்ஸ்" சிம்பிள் பிரெடிகேட், அதிலிருந்து கடைசி வரை கம்ப்ளீட் பிரெடிகேட். துணைவினைகள் இருந்தால் அவையும் சிம்பிள் பிரெடிகேட்டில் சேரும்: "ஷி ஹாஸ் பீன் வெயிட்டிங்" என்பதில் "ஹாஸ் பீன் வெயிட்டிங்" மூன்று சொல்லும்.

அந்த உயிர்ச்சொல்லைக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது?

இஸ் போடுவதா ஆர் போடுவதா என்பதை அதுதான் முடிவு செய்கிறது. இந்தப் பாடத்தையே இதற்காகத்தான் படிக்கிறோம் என்பது என் எண்ணம். "தி கீஸ் டு தி கபோர்ட் ஆர் மிஸ்ஸிங்" என்பதில் வினைக்குப் பக்கத்தில் கபோர்ட் என்ற ஒருமை நிற்கிறது, காது "இஸ்" என்று இழுக்கும். ஆனால் காணாமல் போனது சாவிகள். ஆஃப், டு, இன், வித், அண்டர் போன்ற சொல்லோடு வரும் பெயர் பொதுவாக உயிர்ச்சொல்லாக இருக்காது, அதை மனதுக்குள் அடைப்புக்குறி போட்டு ஒதுக்கிவிட்டுப் படியுங்கள். "ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ் இஸ் எ பைலட்" என்பதிலும் இதே கதைதான்: பைலட்டாக இருப்பவர் ஒருவர், எனவே இஸ்.

இதே இடத்தில் வேறு சில சிக்கல்களும் உண்டு. "அண்ட்" போட்டு இரண்டு பேரைச் சேர்த்தால் பன்மை: "மை பிரதர் அண்ட் மை சிஸ்டர் ஆர் ஹியர்." ஆனால் "ஆஸ் வெல் ஆஸ்", "அலாங் வித்" போட்டால் முதலில் சொன்னவர் மட்டுமே கணக்கு: "மை பிரதர், ஆஸ் வெல் ஆஸ் மை சிஸ்டர்ஸ், இஸ் ஹியர்." "நைதர் நார்", "ஐதர் ஆர்" வந்தால் வினைக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள் என்பது பள்ளி விதி: "நைதர் தி டீச்சர் நார் தி ஸ்டூடன்ட்ஸ் வெர் ரெடி." "எவ்ரிஒன்", "ஈச்" ஒருமை. "நியூஸ்", "மேத்தமேட்டிக்ஸ்" பார்க்கப் பன்மை போல இருந்தாலும் ஒருமை. "தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ் ஸ்மால்" என்பதில் பேச்சு எண்ணிக்கையைப் பற்றியது, அதனால் இஸ். "எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர் ஆப்சென்ட்" என்பதில் பேச்சு மாணவர்களைப் பற்றியது, அதனால் ஆர். ஆஃப் விதிக்கு இந்த "எ நம்பர் ஆஃப்" ஒரு விலக்கு, அதைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது எழுவாய் எங்கேயோ தொலைந்துபோகிறது. ஏன்?

ஏனென்றால் தமிழ் எழுவாயை மறைக்க அனுமதிக்கும், ஆங்கிலம் அனுமதிக்காது. "நேற்று வந்தேன்" என்றால் வினையின் கடைசியில் இருக்கும் "ஏன்" விகுதியே நான் என்று சொல்லிவிடுகிறது, தனியாக நான் வேண்டாம். "வந்தான்", "வந்தாள்", "வந்தார்கள்" எல்லாம் அப்படியே. ஆங்கிலத்தில் "கேம்" என்ற வினையைப் பார்த்து வந்தது யார் என்று கண்டுபிடிக்க முடியுமா? ஐ கேம், ஹி கேம், தே கேம், எல்லாவற்றுக்கும் ஒரே கேம்தான். வினை உதவாததால் எழுவாய் வெளியே வந்து நிற்கத்தான் வேண்டும்.

இதைவிட ஆழமான சிக்கல் "எனக்கு" வாக்கியங்களில் இருக்கிறது. எனக்குப் பசிக்கிறது, அவளுக்கு இசை பிடிக்கும், அவனுக்கு நீச்சல் தெரியும், எனக்குத் தலை வலிக்கிறது, எங்களுக்கு ஒரு வீடு வேண்டும். உணர்வு, விருப்பம், அறிவு, தேவை எல்லாவற்றையும் நாம் நான்காம் வேற்றுமை போட்டுத்தான் சொல்கிறோம், அந்த மனிதர் இலக்கணப்படி எழுவாயே இல்லை, வினையும் அவரோடு ஒத்துப்போவதில்லை. ஆங்கிலத்தில் இதே மனிதர் முன்னால் வந்து எழுவாய் ஆகிவிடுகிறார். "ஐ ஆம் ஹங்க்ரி." "ஷி லைக்ஸ் மியூசிக்." "ஹி நோஸ் ஹவ் டு ஸ்விம்." "ஐ ஹேவ் எ ஹெட்ஏக்." "வி நீட் எ ஹவுஸ்." "என்னிடம் ரெண்டு பேனா இருக்கிறது" என்பதும் "ஐ ஹேவ் டூ பென்ஸ்" ஆகிறது. மனிதரோடு "க்கு" அல்லது "இடம்" வந்தால் அவரை எழுவாயாக்கிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாக வரும். எப்போதும் வரும் என்று சொல்ல மாட்டேன், "எனக்கு அப்படித் தோன்றுகிறது" என்பதை "இட் சீம்ஸ் சோ டு மீ" என்றும் சொல்லலாமே. பழைய ஆங்கிலத்திலும் நம்மைப் போன்ற அமைப்பு இருந்திருக்கிறது, "மீதிங்க்ஸ்" என்ற பழஞ்சொல் அதன் எச்சம்தான்: எனக்குத் தோன்றுகிறது.

வினையும் தொலையும், அதையும் சொல்ல வேண்டும். "அவள் ஆசிரியை" என்பது தமிழில் முழு வாக்கியம், பெயரே பயனிலையாக நிற்கும். ஆங்கிலத்தில் "ஷி எ டீச்சர்" என்று நிறுத்த முடியாது, "ஷி இஸ் எ டீச்சர்." எழுவாய், வினை இரண்டும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும் என்பதில் ஆங்கிலம் அவ்வளவு கறார்.

"இட் இஸ் ரெயினிங்" என்பதில் அந்த இட் யார்?

யாரும் இல்லை. மேலே சொன்ன கறார் காரணமாக எழுவாய் இடம் காலியாக இருக்கக் கூடாது, அதை நிரப்ப வந்த சொல் அது. நேரம், வானிலை, தூரம் சொல்லும்போதெல்லாம் இந்த இட் வரும்: "இட் இஸ் லேட்", "இட் இஸ் வெரி ஹாட் டுடே." இட் விட்டுவிட்டு "இஸ் வெரி ஹாட் டுடே" என்று எழுதுவது தப்பு.

"தேர் ஆர் டூ பேர்ட்ஸ் இன் தி ட்ரீ" என்பதில் எழுவாய் தேர்-ஆ, பேர்ட்ஸா?

இதில் இரண்டு கட்சி இருக்கிறது. பள்ளிப் புத்தகங்கள் பேர்ட்ஸ்தான் உண்மையான எழுவாய், தேர் வெறும் தொடக்கச் சொல் என்கின்றன. பல மொழியியலாளர்கள் தேர்தான் இலக்கணப்படி எழுவாய் என்கிறார்கள், காரணமும் வலுவானது: கேள்வியாக்கினால் "ஆர் தேர் டூ பேர்ட்ஸ்?" என்று ஆர் குதிப்பது தேர் என்பதைத் தாண்டித்தான், வாலில் ஒட்டும் கேள்வியும் "ஆரன்ட் தேர்?" என்றே வருகிறது. எனக்கு இரண்டாவது வாதம்தான் சரியாகப் படுகிறது. தேர்வில் பேர்ட்ஸ் என்று எழுதுங்கள், எதிர்பார்க்கும் விடை அதுதான். இஸ், ஆர் எது என்பதை மட்டும் பின்னால் வரும் பெயரைப் பார்த்து முடிவு செய்யுங்கள், அதில் இரண்டு கட்சிக்கும் சண்டை இல்லை.

"குளோஸ் தி டோர்" என்பதில் எழுவாயே இல்லையே?

யூ. கட்டளை, வேண்டுகோள் வாக்கியங்களில் அது சொல்லாமலே புரிந்துகொள்ளப்படும். நாம் தோன்றா எழுவாய் என்று படித்ததுதான். "குளோஸ் தி டோர்" முழுவதும் பிரெடிகேட்.

கேள்வி வாக்கியத்தில் எப்படித் தேடுவது?

பதில் வாக்கியமாக்கித் தேடுங்கள். "வேர் டிட் யுவர் சிஸ்டர் கோ?" என்பதற்கு "யுவர் சிஸ்டர் வென்ட்" எங்கேயோ என்று பதில் வரும், எனவே "யுவர் சிஸ்டர்" எழுவாய். "ஹூ புரோக் தி கிளாஸ்?" என்பதில் ஹூ தானே எழுவாய். அதனால்தான் அங்கே டிட் வரவில்லை, கவனித்தீர்களா? கேள்விச்சொல்லே எழுவாயாக இருந்தால் சாதாரணமாக டூ, டஸ், டிட் துணைக்கு வராது.

வேலையைச் செய்பவர்தான் சப்ஜெக்ட் என்று படித்தேன். சரிதானா?

பாதி சரி, மீதிப் பாதி உங்களைக் கவிழ்க்கும். "தி லெட்டர் வாஸ் ரிட்டன் பை மீனா" என்பதில் எழுதியது மீனா, ஆனால் எழுவாய் லெட்டர். "தி டோர் ஓப்பன்ட்" என்பதில் கதவு எந்த வேலையும் செய்யவில்லை, இருந்தாலும் எழுவாய் அதுதான். "மை அங்கிள் சஃபர்ட் எ லாஸ்" என்பதில் மாமா எதையும் செய்யவில்லை, அவருக்கு நடந்திருக்கிறது. பொருளை வைத்து எழுவாயைத் தேடினால் இப்படி வழுக்கும், வாக்கிய அமைப்பை வைத்துத் தேடினால் வழுக்காது. நான் கேள்வியாகத் திருப்பச் சொல்வது இதற்காகத்தான்: "வாஸ் தி லெட்டர் ரிட்டன் பை மீனா?" வாஸ் தாண்டியது லெட்டரை.

எழுவாய் எப்போதும் ஒரு பெயர்ச்சொல்தானா?

இல்லை. "ஸ்விம்மிங் இஸ் குட் எக்சர்சைஸ்" என்பதில் ஸ்விம்மிங், நம் தொழிற்பெயர் மாதிரி. "டு ஃபர்கிவ் இஸ் நாட் ஈஸி" என்பதில் "டு ஃபர்கிவ்." "வாட் ஹி செட் ஹர்ட் ஹெர்" என்பதில் "வாட் ஹி செட்" என்ற துணை வாக்கியம் முழுவதும் எழுவாய். எதில் சந்தேகம் வந்தாலும் அந்தத் துண்டை எடுத்துவிட்டு "இட்", "ஹி", "ஷி" அல்லது "தே" போட்டுப் பாருங்கள். "இட் ஹர்ட் ஹெர்." பொருந்துகிறது அல்லவா?

எழுவாய் எப்போதும் வாக்கியத்தின் முதலில்தான் வருமா?

பெரும்பாலும் வினைக்கு முன்னால் வரும், வாக்கியத்தின் முதலில் வரும் என்று கட்டாயம் இல்லை. "இன் தி மார்னிங், தி சில்ட்ரன் பிளே செஸ்" என்பதில் "இன் தி மார்னிங்" முன்னால் வந்துவிட்டது, ஆனாலும் அது பிரெடிகேட்டின் பகுதிதான். "டவுன் கேம் தி ரெயின்" என்பதில் எழுவாய் கடைசியில். "நெவர் ஹேவ் ஐ சீன் சச் எ கிரவுட்" என்பதில் நெவர் முன்னால் வந்ததால் ஹேவ் எழுவாயைத் தாண்டிக் குதித்திருக்கிறது.

"மை பிரதர் ஹி இஸ் எ டாக்டர்" என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். ஒரு வினைக்கு இரண்டு எழுவாய் ஆகிவிடும். மை பிரதர் போதும், அல்லது ஹி போதும். பேச்சில் சிலர் அழுத்தத்துக்காகச் சொல்வார்கள், எழுத்தில் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

"பிகாஸ் ஹி வாஸ் டயர்ட்." இதில் எழுவாய் இருக்கிறது, வினை இருக்கிறது. பிறகு ஏன் வாக்கியம் இல்லை என்கிறார்கள்?

எழுவாயும் பிரெடிகேட்டும் இருந்தால் அது கிளாஸ் (clause) என்கிற வாக்கியத் துண்டு ஆகும், முழு வாக்கியமாகத் தனியே நிற்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. பிகாஸ், வென், இஃப், ஆல்தோ போன்ற சொல் முன்னால் வந்தால் அது இன்னொரு வாக்கியத்தைச் சார்ந்துவிடும். "அவன் களைத்துப்போனதால்" என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் காத்துக்கொண்டிருப்பார் இல்லையா, அதே நிலைமைதான். "பிகாஸ் ஹி வாஸ் டயர்ட், ஹி வென்ட் ஹோம்" என்று முடியுங்கள்.

இதற்குத் தம்பி போல இன்னொரு தவறு: "தி பேர்ட்ஸ் சிங்கிங் இன் தி ட்ரீ." சிங்கிங் வினை மாதிரி தெரிந்தாலும் தனியாக நின்றால் காலம் காட்டாது, பாடும் பறவைகள் என்பது போலத்தான் இருக்கிறது. ஆர் சேர்த்தால் வாக்கியம் ஆகும்.

எழுதிப் பழக நல்ல வழி?

அலோன்சோ ரீட், பிரெய்னெர்ட் கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்க ஆசிரியர்கள் 1877-இல் பரப்பிய கோட்டுப்பட முறை இன்றைக்கும் பயன்படும். ஒரு கிடைக்கோடு போட்டு, அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கீழே இறங்கும் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். இடது பக்கம் சிம்பிள் சப்ஜெக்ட், வலது பக்கம் வினை. அப்ஜெக்ட் இருந்தால் வினைக்குப் பின்னால் இன்னொரு செங்குத்துக் கோடு, ஆனால் இது கிடைக்கோட்டைத் தாண்டிக் கீழே போகாது. விவரச் சொற்களை எல்லாம் அவை விவரிக்கும் சொல்லுக்குக் கீழே சாய்கோட்டில் தொங்கவிடுங்கள். தொங்கவிட இடம் தேடும்போதுதான் எந்தச் சொல் எதைச் சார்ந்தது என்று மூளை உண்மையில் வேலை செய்யும், வெறும் அடிக்கோட்டில் அது நடக்காது.

மொழியியல் புத்தகத்தில் பிரெடிகேட் என்பதற்கு வேறு அர்த்தம் இருக்கிறதே?

ஆமாம். ஜெர்மன் தர்க்கவியலாளர் ஃபிரேகே 1879-இல் சப்ஜெக்ட், பிரெடிகேட் என்று பிரிப்பதை விட்டுவிட்டுக் கணிதத்தில் வரும் சார்பு போல வாக்கியத்தைப் பார்த்தார். அந்த வழியில் "கிவ்" என்பது மட்டும் பிரெடிகேட், கொடுப்பவர், பெறுபவர், பொருள் மூன்றும் அது கேட்கும் உறுப்புகள். அமெரிக்க மொழியியலாளர் சோம்ஸ்கி 1957-இல் வாக்கியத்தைப் பெயர்த்தொடர், வினைத்தொடர் என்று பிரித்துக் காட்டியது பள்ளிப் பிரிவுக்கு நெருக்கமானது. எந்த வகுப்பில் இருக்கிறீர்கள் என்று பார்த்து அந்த அர்த்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் புரிகிறது. கஷ்டமான ஒரு வாக்கியம் கொடுங்கள் பார்ப்போம்.

"தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்." தாமஸ் பீவர் என்ற மொழி உளவியலாளர் 1970-இல் கொடுத்த உதாரணம் இது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே முதல்முறை படிக்கும்போது தடுமாறும் வாக்கியம். எல்லோரும் ரேஸ்ட் என்பதை வினையாக எடுத்துக்கொண்டு "குதிரை கொட்டகையைத் தாண்டி ஓடியது" என்று படித்துக்கொண்டே வருவார்கள், கடைசியில் ஃபெல் வந்து முட்டும். கேள்வியாகத் திருப்புங்கள்: "டிட் தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபால்?" ஃபெல் உருமாறி ஃபால் ஆகிவிட்டது, ரேஸ்ட் அசையவில்லை. ஆக முதன்மை வினை ஃபெல், அதற்கு முன்னால் இருக்கும் அத்தனையும் சப்ஜெக்ட்: கொட்டகையைத் தாண்டி ஓட்டிச் செல்லப்பட்ட குதிரை. தமிழில் "ஓட்டிச் செல்லப்பட்ட" என்று பெயரெச்சம் வந்துவிடுவதால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை, ஆங்கிலத்தில் ரேஸ்ட் என்ற ஒரே வடிவம் இரண்டு வேலைக்கும் நிற்கிறது. நடுவில் "தட் வாஸ்" சேர்த்து மறுபடி படித்துப் பாருங்கள்: "தி ஹார்ஸ் தட் வாஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்." பிரெடிகேட் ஃபெல் என்ற ஒரே சொல்தான்.